கரிசல் வழக்கைப் பிறர்க்கு விளக்குதல்: ஆலங்குளம் – சிவகாசி வட்டாரச் சொற்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரு வட்டாரத்தின் பேச்சு வழக்கைப் பிற வட்டாரத்தார்க்கு விளக்கும் முயற்சி தமிழில் இலக்கண உரைகளில் தொடங்கி இன்றைய வட்டாரச் சொல்லகராதிகள் வரை நீண்டு வந்துள்ளது. அறியாத சொல்லுக்குப் பொருள் கூறுவதே இம்முயற்சிகளின் முதன்மை நோக்கமாக அமைந்தது. எனினும், பிற வட்டாரத்தார் பெரிதும் பிழைபடப் புரிந்துகொள்வது அறியாத சொல்லை அன்று. அறிந்ததாகக் கருதும் சொல்லையே ஆகும். விருதுநகர் மாவட்டம் ஆலங்குளம், சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் வழங்கும் வேளாண், பட்டாசு, தீப்பெட்டித் தொழிற்சொற்களைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது. அத்தகைய சொற்களைப் பதிவு செய்வதற்கான ஒரு பதிவுமுறையையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கரிசல் வழக்கு, திசைச்சொல், தொழிற்சொல், வட்டாரச் சொல்லகராதி, பொருள் வேறுபாடு, சிவகாசி.

முன்னுரை

ஒரே மொழியைப் பேசுவோரிடையேயும் நிலம், தொழில், சமூகம் ஆகியவற்றால் வழக்கு வேறுபடுகிறது. வேறுபாடு தோன்றும் இடத்தில் விளக்கமும் தேவைப்படுகிறது. இராசபாளையம், சிவகாசி, வெம்பக்கோட்டை ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட கரிசல் பரப்பில் அமைந்த ஊர் ஆலங்குளம். தென்காசி மாவட்டத்திலும் இப்பெயருடைய ஊர் உண்டு. எனவே, ஊர்ப்பெயரைச் சொல்லும்போதே 'எந்த ஆலங்குளம்?' என்னும் கேள்வி எழுகிறது. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் அரசு சிமெண்ட் ஆலையால் அறியப்பட்டது. இதனை அடுத்த மேலாண்மறைநாடு, 'மின்சாரப்பூ' தொகுதிக்காக 2007ஆம் ஆண்டுச் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற மேலாண்மை பொன்னுச்சாமியின் ஊர். வானம் பார்த்த புஞ்சை வேளாண்மையும், பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களும் ஒருங்கே வழங்கும் பகுதி இது. அதனால் நிலம் சார்ந்த பழஞ்சொற்களும் ஆலை சார்ந்த புதுச்சொற்களும் இங்கு ஒரே வாயில் வழங்குகின்றன. பிறர்க்கு விளக்க வேண்டிய தேவை மிகுந்த வழக்காக இது அமைவதற்கு இதுவே காரணமாகும்.

விளக்க மரபு

தொல்காப்பியம் சொல்லதிகாரம் எச்சவியல் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுக்கிறது. செந்தமிழ் நிலத்தைச் சார்ந்த பன்னிரு நிலங்களிலும் அந்நிலத்தார் தமக்குரிய குறிப்பில் வழங்குவன திசைச்சொல் என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுகள் தந்துள்ளனர். தென்பாண்டி நாட்டார் ஆவையும் எருமையையும் 'பெற்றம்' என்பர். குட்ட நாட்டார் தாயைத் 'தள்ளை' என்பர். அருவா நாட்டார் சிறுகுளத்தைக் 'கேணி' என்பர் என்பன அவற்றுட் சில. இடம், பொருள், சொல் என்னும் மூன்று கூறுகளைக் கொண்ட விளக்கமுறை இது. பிற நிலத்தார்க்கு ஒரு நிலத்தின் வழக்கை அறிவிக்கும் தமிழ் மரபின் தொடக்கம் இங்கே தெளிவாகக் காணப்படுகிறது.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, சில சொற்களுக்கு வட்டாரம் உணர்த்தும் குறியீடுகளை இட்டது. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் வட்டார வழக்குகளைக் குறியீட்டால் வேறுபடுத்தியது. ஒரு வட்டாரத்தையே எல்லையாகக் கொண்டு கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வெளிவந்தது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த அவர், கல்விப்புலத்திற்கு வெளியே நின்று இப்பணியைச் செய்தார். பின்னர்ப் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி, கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி முதலியவை தோன்றின. இவற்றுள் படைப்பாளிகளின் பங்கு மிகுதியாக இருப்பது கருதத்தக்கது. தம் கதைகளைப் பிற வட்டாரத்து வாசகர் புரிந்துகொள்ள வேண்டும் என்னும் தேவை அவர்களுக்கு நேரடியாக இருந்தது.

மூவகை இடர்ப்பாடு

பிற வட்டாரத்தார் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, சொல்லே அறியாதது. இரண்டாவது, சொல் அறிந்தது, பொருள் வேறு. மூன்றாவது, சொல்லும் பொருளும் அறிந்தவை. வழங்கும் இடமும் மதிப்பும் வேறு.

இப்பகுப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலிய ஆங்கிலத்தை இதனோடு ஒப்பிடலாம். பிற்பகலை 'ஆர்வோ' என்றும், வேலையிடை ஓய்வை 'ஸ்மோகோ' என்றும் ஆஸ்திரேலியர் வழங்குவர். இவற்றைக் கேட்கும் பிற நாட்டார் பொருள் தெரியாமையை உடனே உணர்ந்து கேட்டறிவர். ஆனால், காலில் அணியும் இரப்பர்ச் செருப்பை அவர்கள் 'தாங்' என்று சொல்லும்போது, அதனை ஒருவகை உள்ளாடையின் பெயராக அறிந்த அமெரிக்கர் தமக்குத் தெரிந்த பொருளையே கொள்வர். முதல்வகைச் சொல் கேள்வியை எழுப்புகிறது. இரண்டாம் வகைச் சொல் கேள்வியை எழுப்பாமலேயே கடந்துவிடுகிறது. சிட்னி பேக்கர் 1945இல் ஆஸ்திரேலிய மொழி குறித்த தம் நூலை வெளியிட்டார். 1988இல் வெளிவந்த ஆஸ்திரேலிய தேசிய அகராதி, காலம் குறித்த மேற்கோள்களுடன் பொருளை நிறுவும் முறையை மேற்கொண்டது. சொல்லுக்குச் சொல் தருவதை விடப் பயன்பாட்டுச் சூழலைத் தருவதே இரண்டாம் வகைச் சொற்களுக்குப் பொருத்தம் என்பது இதனால் விளங்கும்.

அறியாத சொற்கள்

கரிசல் வழக்கில் முதல்வகைச் சொற்கள் பல. கழிவுநீர் ஓடும் தெருவோரக் கால்வாய் இங்கு 'வாறுகால்' எனப்படுகிறது. பேச்சில் மட்டுமன்றி, நாளிதழ்களின் மாவட்டச் செய்திகளிலும் இச்சொல் இயல்பாக இடம்பெறுகிறது. சென்னையிலும் கொங்கு நாட்டிலும் இதனைச் 'சாக்கடை' என்பர். சோற்றுக்குத் துணையாகும் தொடுகறி 'வெஞ்சனம்' எனப்படும். வியஞ்சனம் என்பதன் திரிபு இது. விடியற்பொழுதைக் குறிக்கவும், நேரத்தோடு என்னும் பொருளிலும் 'வெள்ளன' வழங்குகிறது. புஞ்சை நிலத்தின் எல்லை வரப்பு 'பொழி' ஆகும். பித்துப் பிடித்தவரைக் 'கோட்டி' என்பது நெல்லை வழக்கோடு இப்பகுதிக்குள்ள உறவைக் காட்டும். வேலை அல்லது காரியம் என்னும் பொருளில் 'சோலி' வழங்குகிறது. 'சோலியைப் பார்' என்றால் வேலையைக் கவனி என்பது பொருள். 'சோலி முடிந்தது' என்பது சூழலுக்கேற்பக் காரியம் முடிந்ததையும், ஒருவர் உயிர் முடிந்ததையும் குறிக்கும்.

இவற்றைப் பிறர்க்கு விளக்குவது எளிது. ஒரு சொல்லுக்கு நிகரான சொல்லோ ஒரு தொடரோ போதும். வட்டார அகராதிகள் இப்பணியைச் செவ்வனே செய்துள்ளன.

அறிந்த சொல்லும் வேறு பொருளும்

இரண்டாம் வகையே இக்கட்டுரையின் மையமாகும். 'காடு' என்னும் சொல்லை முதலில் கொள்ளலாம். பொதுத்தமிழில் மரம் அடர்ந்த வனத்தை உணர்த்தும் இச்சொல், கரிசலில் உழுது பயிரிடும் புஞ்சை நிலத்தைக் குறிக்கிறது. பருத்திக்காடு, கம்மங்காடு என்னும் தொடர்களில் மரத்திற்கு இடமில்லை. கொங்கு நாட்டார்க்கு இப்பொருள் பழக்கமானது. சென்னையில் வளர்ந்தவர்க்குப் புதிது. 'காட்டு வேலை' என்பது களையெடுத்தல், அறுத்தல் முதலிய வேளாண் கூலி வேலையாகும்.

'மேல்' என்பது உடம்பைக் குறிக்கிறது. 'மேலுக்கு முடியவில்லை' என்றால் உடல்நலம் இல்லை என்பது பொருள். இதனை 'மேனி' என்னும் சொல்லோடு வைத்து எண்ணலாம். 'வத்தல்' என்றால் இங்கு முதலில் நினைவுக்கு வருவது காய்ந்த மிளகாய். விருதுநகர்ச் சந்தையில் 'வத்தல் விலை' என்பது மிளகாய் வற்றலின் விலையே. சோற்றுக்குப் பொரித்துண்ணும் வற்றலை அது குறிப்பதில்லை. வட மாவட்டத்தார் 'சர்க்கரை' என்பதை இங்குள்ளோர் 'சீனி' என்பர். 'சர்க்கரை' என்னும் சொல்லுக்கு வெல்லம் என்னும் பொருள் உண்டென்பதைச் சர்க்கரைப் பொங்கல் என்னும் பெயர் பொதுத்தமிழிலும் பாதுகாத்து வைத்துள்ளது.

தொழிற்களத்தில் இவ்வேறுபாடு மேலும் கூர்மை பெறுகிறது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பின் சிவகாசியில் அத்தொழில் வேர்விட்டது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்றும் அந்நகரின் தொழில்களாயின. அவற்றோடு ஒரு சொல்வழக்கும் வளர்ந்தது. தீப்பெட்டி செய்யும் ஆலை இப்பகுதியில் 'தீப்பெட்டி ஆபீஸ்' எனப்படுகிறது. பட்டாசு ஆலை 'பட்டாசு ஆபீஸ்' ஆகும். முன்னொட்டை விடுத்து 'ஆபீஸ்' என்றே சொல்வதும் உண்டு. அச்சகத்தை 'அச்சாபீஸ்' என்பது ஒரு காலத்தில் தமிழகம் முழுதும் வழங்கிய வழக்கு. அச்சுத்தொழில் செழித்த நகரில் அவ்வழக்கே பிற ஆலைகளுக்கும் விரிந்தது எனக் கருத இடமுண்டு.

'காட்டு வேலையை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போகிறாள்' என்னும் பொருள்பட இங்கு ஒரு பெண்ணைப் பற்றி ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். பிற வட்டாரத்தார் இதனை, வனத்தில் வேலை செய்தவர் அலுவலகப் பணியில் அமர்ந்தார் என்று புரிந்துகொள்ளலாம். கூறியவரின் பொருள், வெயிலில் களையெடுத்தவர் ஆலையில் பெட்டி ஒட்டவோ வெடி செய்யவோ சென்றார் என்பதே. தொடரில் அறியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் பொருள் முற்றிலும் மாறிவிட்டது. தொழில்நிலை குறித்த கள ஆய்வுப் படிவத்தில் ஆய்வாளர் 'அலுவலகப் பணி' எனக் குறித்தால், ஆபத்தான தொழிலில் உழைக்கும் ஒருவர் எழுத்தர் வரிசையில் சேர்ந்துவிடுவார். இப்பிழையைச் சுட்டிக்காட்டச் சொல்லில் எவ்வகை அடையாளமும் இல்லை.

'மருந்து' என்னும் சொல்

இவ்வகையில் விரிவாக நோக்கத்தக்கது 'மருந்து'. நோய் தீர்ப்பது மருந்து என்பது பொது வழக்கு. வேளாண் வழக்கில் பூச்சிக்கொல்லியும் மருந்தே. பட்டாசுத் தொழிலில் வெடிக்கும் வேதிக்கலவை 'மருந்து' எனப்படுகிறது. 'வெடிமருந்து' என்னும் தொகையின் முன்சொல் தொழிற்சூழலில் வேண்டாததாகி விடப்பட்டது. காடும் ஆலையும் அடுத்தடுத்து அமைந்த ஆலங்குளம் போன்ற இடங்களில் இம்மூன்று பொருளும் ஒரே குடும்பத்தின் பேச்சில் வழங்குகின்றன.

கேட்போர் குழப்பமின்றிப் பொருள்கொள்ளத் துணைசெய்வது வினைச்சொல்லாகும். 'மருந்து சாப்பிட்டார்' என்றால் நோய்க்கு உட்கொண்டார் என்பது பொருள். 'மருந்து அடித்தார்' என்றால் பயிருக்குப் பூச்சிக்கொல்லி தெளித்தார். 'மருந்து செலுத்தினார்' என்றால் வெடிக்குழாயில் கலவையை நிரப்பினார். 'மருந்தைக் குடித்துவிட்டார்' என்பது பெரும்பாலும் பூச்சிக்கொல்லியைக் குடித்ததையே குறிக்கும். சாப்பிடுதல், குடித்தல் ஆகிய இரு வினைகளும் உட்கொள்ளலையே உணர்த்துவன. எனினும் ஒன்று நலம் நாடுவதையும், மற்றது உயிரிழக்கத் துணிந்ததையும் சுட்டுகின்றன. நோயாளியின் உறவினர் சொல்லும் இத்தொடரை, இவ்வழக்கறியாத மருத்துவர் ஒருவர் நேர்ப்பொருளில் கொண்டால் ஏற்படும் விளைவை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே, 'மருந்து' என்னும் தலைச்சொல்லின் கீழ்ப் பொருள்களை எண்ணிட்டு வரிசைப்படுத்துவது மட்டும் விளக்கம் ஆகாது. எவ்வினை எப்பொருளைத் தேர்கிறது என்பதைக் கூறுவதே விளக்கமாகும்.

மருந்து என்பதை அடியாகக் கொண்ட தொழிற்சொல் 'மணிமருந்து'. வானில் வெடித்து வண்ண ஒளி சிந்தும் பேன்சி ரகப் பட்டாசுகளில் இடப்படும் சிறு உருண்டைகள் இவை. இங்கு 'மணி' என்பது நெல்மணி என்பதில் போல வடிவத்தைக் குறிக்கிறது. 'கருந்திரி' என்பது கரிமருந்து ஏற்றிய திரி. விபத்துச் செய்திகளில் மணிமருந்து, கருந்திரி, மருந்து செலுத்தும் அறை ஆகிய சொற்கள் விளக்கமின்றியே வருகின்றன. மாவட்டத்து வாசகர்க்கு அவை போதும். எவ்விடத்தில், எவ்வேலையில் தீங்கு நேர்ந்தது என்பதை அச்சொற்களே சொல்லிவிடுகின்றன. வெளியூர் வாசகர்க்கு அச்செய்தியின் பாதி மறைந்து நிற்கிறது.

பிற மாநிலத் தொழிலாளர் இப்பகுதி ஆலைகளுக்கு வேலை தேடி வரும் இக்காலத்தில் இவ்விளக்கத்திற்கு வேறொரு பயனும் உண்டு. இந்தியில் நோய்மருந்து 'தவா', வெடிமருந்து 'பாரூத்'. 'மருந்து' என்பதை அகராதியின் முதற்பொருளால் 'தவா' எனப் பெயர்த்தால், எச்சரிக்கைப் பலகை எச்சரிக்கும் ஆற்றலை இழந்துவிடும்.

ஊர்ப்பெயரும் வழக்கும்

பட்டாசு ஆலைகளைப் பற்றிய பேச்சில் 'நாக்பூர்', 'சென்னை', 'டி.ஆர்.ஓ.' என்னும் சொற்கள் அடிக்கடி வரும். இவை உரிமத்தின் வகைகளைக் குறிப்பன. வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமையகம் நாக்பூரில் உள்ளது. அங்கு உரிமம் பெற்ற ஆலை 'நாக்பூர் உரிமம்' உடையது. சென்னை அலுவலகத்தில் பெற்றது 'சென்னை உரிமம்' உடையது. மாவட்ட வருவாய் அலுவலரிடம் பெற்றது 'டி.ஆர்.ஓ. உரிமம்' உடையது. அலுவலகத்தின் பெயர் ஆலையின் அளவையும் தரத்தையும் உணர்த்தும் ஆகுபெயராகி நிற்கிறது. இலக்கணத்தார் இடவாகுபெயர் என்று கற்பிக்கும் வகைக்கு வாழும் எடுத்துக்காட்டு இது.

பட்டாசின் பெயர்களும் இடந்தோறும் மாறுகின்றன. சென்னையில் 'புஸ்வாணம்' எனப்படுவது இப்பகுதியில் 'பூச்சட்டி' ஆகும். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று வழங்கிய தீர்ப்பு, ஒன்றோடொன்று பிணைத்த தொடர்வெடிகளைத் தடை செய்தது. அத்தீர்ப்பில் அவ்வெடிகள் 'லரி' என்னும் வடநாட்டு வணிகச் சொல்லால் சுட்டப்பெற்றன. அவற்றைச் செய்வோர் வழக்கில் அது 'சரவெடி'. ஒரு தொழிலின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் ஆவணத்தில் அத்தொழிலாளர் பயன்படுத்தும் சொல் இடம்பெறாமல், விற்பனைச் சந்தையின் சொல் இடம்பெற்றது.

உறவும் விளியும்

மூன்றாம் வகைக்கு உறவுச்சொற்களும் விளிச்சொற்களும் சான்றாகும். அண்ணன் மனைவியை இங்கு 'மதினி' என்பர். மரியாதைப் படர்க்கையாக 'அவுக', 'இவுக' என்பனவும், 'வந்தாக', 'சொன்னாக' என்னும் வினைமுற்றுகளும் வழங்குகின்றன. சிறுமியையும் 'தாயி' என்று விளிப்பது அன்பின் அடையாளம். 'ஏலே' என்பது ஒத்த வயதினரிடையே உரிமையையும், அயலாரிடத்து அவமதிப்பையும் உணர்த்தும்.

'அண்ணாச்சி' என்பதன் பயணம் குறிப்பிடத்தக்கது. தென்மாவட்டங்களில் இது வயதில் மூத்தவர்க்குரிய மதிப்பு விளி. தென்மாவட்ட வணிகர் சென்னையில் மளிகைக் கடைகள் தொடங்கியதையொட்டி, அந்நகரில் 'அண்ணாச்சி கடை' என்பது மளிகைக் கடையின் பெயராயிற்று. மதிப்பு விளியாகப் புறப்பட்ட சொல் தொழிற்பெயராக மாறிவிட்டது. சென்னைவாசி ஒருவர் இப்பொருளோடு ஆலங்குளம் வந்து அச்சொல்லைக் கேட்டால், விளிக்கப்படுபவர் கடைக்காரர் என்றே எண்ணக்கூடும். இவ்வகைச் சொற்களுக்குப் பொருள் கூறுவதோடு, யார் யாரை எந்நிலையில் விளிப்பர் என்பதையும் கூற வேண்டும்.

பதிவுமுறை

மேற்கண்ட சான்றுகளால், இடம், பொருள், சொல் என்னும் உரையாசிரியர் முறையோடு மேலும் மூன்று கூறுகள் தேவை என்பது புலனாகிறது. அவை, சொல்லை வழங்குவோர், சொல் ஏற்கும் வினை அல்லது தொடர், பிறர் கொள்ளத்தகாத பொருள் என்பன. இவற்றின்படி இரு பதிவுகள் பின்வருமாறு அமையும்.

ஆபீஸ்: சிவகாசி, சாத்தூர், ஆலங்குளம் பகுதி. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர் வழக்கு. பொருள்: ஆலை. தொடர்: தீப்பெட்டி ஆபீஸ், ஆபீசுக்குப் போதல். கொள்ளத்தகாத பொருள்: எழுத்துப்பணி நிகழும் அலுவலகம்.

மருந்து: மேற்படி பகுதி. பட்டாசுத் தொழிலாளர் வழக்கு. பொருள்: வெடிக்கும் வேதிக்கலவை. தொடர்: மருந்து செலுத்துதல், மணிமருந்து. கொள்ளத்தகாத பொருள்: நோய்மருந்து, 'அடித்தல்', 'குடித்தல்' என்னும் வினைகளோடு வரின் பூச்சிக்கொல்லி.

தொழில்வாரியாக வழக்குச் சொற்களைத் தொகுக்கும் முயற்சிக்குத் தெலுங்கில் முன்மாதிரி உண்டு. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி உருவாக்கிய 'மாண்டலிக விருத்தி பதகோசம்', வேளாண்மைச் சொற்களுக்கான முதல் தொகுதியை 1962இல் வெளியிட்டது; நெசவுச் சொற்களுக்கான தொகுதி 1971இல் வந்தது. தமிழில் வட்டாரம் அகராதியின் எல்லையாக அமைந்த அளவுக்குத் தொழில் எல்லையாக அமையவில்லை. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களின் சொற்கள் பெரிதும் பெண்களின் கைவேலையைச் சார்ந்தவை. உற்பத்தி முறை மாறுந்தோறும் அவை வழக்கிழக்கும். சரவெடி செய்வது நின்றால், அதனைப் பின்னும் வேலையின் சொற்களும் அவ்வேலை செய்தவர் நினைவில் மட்டுமே எஞ்சும்.

முடிவுரை

வட்டார வழக்கைப் பிறர்க்கு விளக்குவது தமிழ் இலக்கண மரபிலேயே வேரூன்றிய பணியாகும். அப்பணி அறியாத சொற்களைப் பொறுத்தவரை பெருமளவு நிறைவேறியுள்ளது. அறிந்த சொல் வேறு பொருள் தரும் இடங்களில் நிகர்ச்சொல் தருவது பயன்படாது. வழங்குவோர், தொடர், கொள்ளத்தகாத பொருள் ஆகியவற்றையும் தருதல் வேண்டும். கரிசல் நிலத்தில் 'காடு', 'ஆபீஸ்', 'மருந்து' ஆகியவை எவர்க்கும் தெரிந்த சொற்கள். அதனாலேயே அகராதித் தொகுப்பாளரின் கண்ணுக்குத் தப்பக்கூடியவை. இவற்றைத் தொழில்வாரியாகத் தொகுக்கும் பணியைக் கரிசல் பகுதியின் கல்லூரித் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளலாம். அங்குப் பயிலும் மாணவர் பலரின் வீடுகளிலேயே இச்சொற்கள் நாள்தோறும் ஒலிக்கின்றன. தகவலாளியைத் தேடி அவர்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.